ராஜா மன்னிப்புக் கேட்கும் காட்சி

அருப்புக்கோட்டை
10.11.2024

ஏலே சின்னத்துரை,

என் போன் நம்பரை நீ பிளாக் பண்ணி ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது மாதம் ஓடுகிறது. இந்த நேரத்துக்கு ஒரு பிள்ளை பிறந்து காது குத்தியிருக்கலாம். பொன்னுத்தாய் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். "மதினி நல்லாருக்கீகளா" என்று கேட்டவன், என் குரல் வந்ததும் வைத்துவிட்டாய். என் பெண்டாட்டியிடம் உனக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசி என்னிடம் இருந்தால் போதும். ஆனால் அவளுக்கே என்னிடம் அவ்வளவு கிடையாது என்பதால் நான் அதிகம் ஆசைப்படவில்லை.

அரசாங்கத் தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். கவர் வாங்கப் போனால் போஸ்ட் ஆபீஸ் அம்மா, "யாருக்கு அண்ணாச்சி, வக்கீல் நோட்டீஸா?" என்று ஆசையாகக் கேட்டது. பெயிண்ட் கடைக்காரன் கடிதம் எழுதுவதை ஊர் நம்ப மறுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கலைச் சபையின் மார்கழி விழா இந்த வருஷமும் உண்டு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் நம் ஊரில் கலை வளர்கிறது என்ற உண்மையை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். டிசம்பர் 22 பாட்டுக் கச்சேரி, மதுரையிலிருந்து ஒரு அம்மா வருகிறார்கள். 29 மானாவாரி நிலங்களின் வரலாறு பற்றி ஒரு பேராசிரியர் பேச்சு. ஜனவரி 5 பட்டிமன்றம், "வீட்டில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா". கணவன் கட்சியில் அடியேனும் பேசுகிறேன். 12 மெல்லிசை. 19 நிறைவு விழா. அன்றைக்கு "உடைகுளத்து ராஜா" நாடகம். எழுதி, இயக்கி, ராஜா வேஷம் கட்டுபவர் திருச்சுழி சின்னத்துரை.

ஆமாம், நோட்டீஸ் அடித்தாயிற்று. உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அச்சகத்தில் நிற்கும்போது இது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

போன தை மாதம் நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. பத்து மணி விழாவில் இருபத்திரண்டு பொன்னாடையும் எட்டுப் பேச்சும் சேர்ந்து ஒரு மணியாகிவிட்டது. நாலு மணிக்கு மண்டபத்து மானேஜர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். நீ கடைசிக் காட்சிக்குக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு ஏறி நின்றாய், விளக்கு அணைந்தது. செயலாளர் என்ற முறையில் நான் என்ன, கையில் சூரியனையா வைத்திருந்தேன்?

பதில் போடு. திட்டியாவது போடு.

ஜெயக்குமார்


திருச்சுழி
19.11.2024

ஜெயக்குமாருக்கு,

கவர் வந்தது. வாங்கும்போது என் வீட்டுக்காரி வெள்ளைத்தாய் பக்கத்தில் நின்றாள், அதனால் கிழிக்க முடியவில்லை.

இரண்டு மழை நன்றாகப் பெய்தது. உளுந்து பூவெடுத்திருக்கிறது. களை எடுக்க ஆள் இல்லை. உனக்குச் சொல்லி என்ன பிரயோசனம், நீ பெயிண்ட் விற்பவன்.

இருபத்திரண்டு பொன்னாடை என்று எழுதியிருக்கிறாய். இருபத்தாறு. வேஷம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணியவன் நான். அரிதாரத்துக்குள் வேர்வை ஊறி முகம் அரித்தது. சொறியவும் முடியாது. மைக் செட்காரருக்குப் போர்த்தினீர்கள். மைக் செட்காரர் தம்பிக்கும் போர்த்தினீர்கள்.

என் மகள் தங்கச்செல்வியைக் கட்டிக்கொடுத்த மல்லாங்கிணற்றிலிருந்து சம்பந்தி தங்கபாண்டி வேன் பிடித்துப் பதினெட்டுப் பேரோடு அன்று வந்திருந்தார். அந்த நாடகத்தில் ராஜா மூன்று மணி நேரம் கூத்தடிப்பான், வேட்டைக்குப் போவான், மாலை மரியாதை வாங்குவான், கண்மாய்க் கரையைப் பார்க்க மாட்டான். கரை உடைந்த பிறகு கடைசிக் காட்சியில் கிரீடத்தைக் கழற்றிச் சேற்றில் வைத்து ஊர் சனத்திடம் மன்னிப்புக் கேட்பான். அது ஒன்றுக்காகத்தான் நான் அந்த நாடகத்தையே எழுதினேன். அது இல்லாமல் பார்த்தால் ஒரு வெட்டிப் பயல் மூன்று மணி நேரம் ஆடிவிட்டுப் போனதாகத்தான் இருக்கும். சம்பந்தி வீட்டார் அப்படித்தான் பார்த்தார்கள். இப்போது அந்த வீட்டில் என் பெயர் "பாதி ராஜா". என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளும் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாடகம் முதலில். பொன்னாடை, பேச்சு எல்லாம் பிறகு. பத்து மணிக்கு நான் மேடையில் நிற்க வேண்டும். சரி என்றால் வருகிறேன். இல்லையென்றால் நோட்டீஸில் என் பெயர் மேல் உன் கடைப் பெயிண்டை அடித்துக்கொள்.

சின்னத்துரை


அருப்புக்கோட்டை
28.11.2024

ஏலே சின்னத்துரை,

உன் கடிதத்தைச் செயற்குழுவில் வாசித்தேன். பெயிண்ட் வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

எங்கள் தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சியை உனக்குத் தெரியும். ஜவுளிக்கடைக்காரர். ஒரு மைக்கைப் பார்த்தால் அதைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. அவர் கேட்டார்:

"நாடகம் முதல்லன்னா, குத்துவிளக்கு யாரு ஏத்துறது?"

"ஏத்திட்டு இறங்கிருவோம் அண்ணாச்சி."

"ஏத்திட்டுப் பேசாம எப்படிய்யா இறங்குறது? பார்க்கிறவுக என்ன நெனப்பாக, நான் கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்னா?"

நான் ஒரு யோசனை சொன்னேன். விருந்தினர்கள் காரிலிருந்து இறங்கும்போதே வாசலில் வைத்துப் பொன்னாடையைப் போர்த்திவிடலாம், மேடையில் நேரம் மிச்சம் என்றேன்.

"கேட்டுல போத்துனா யாருக்குத் தெரியும்? வாட்ச்மேனுக்கா?" என்றார் தலைவர்.

ஒரு மணி நேரம் இழுத்தது. நான் ராஜினாமா செய்வேன் என்று மிரட்டினேன். யாரும் பயப்படவில்லை. இரண்டு பேர் பேனா எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் தலைவரே இறங்கி வந்தார். "சரிய்யா, நாடகமே முதல்ல நடக்கட்டும். ஆனா தலைவர் மேடையில இல்லாம விழா தொடங்குன பழக்கம் நமக்குக் கிடையாது. அதனால அந்த நாடகத்துல எனக்கு ஒரு வேஷம் கொடுத்துரச் சொல்லு" என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். இதையும் உன்னைக் கேட்கவில்லை. பழகிவிட்டது.

வீட்டில் வந்து சொன்னதும் பொன்னுத்தாய், "சின்னத்துரை அண்ணன் இந்தத் தடவ உங்க போனை இல்ல, உங்களையே பிளாக் பண்ணப் போறாக" என்றாள். அது எப்படி என்று நான் விளக்கம் கேட்கவில்லை.

ஜெயக்குமார்


திருச்சுழி
11.12.2024

ஜெயக்குமாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் நாடக நோட்டைத் திறக்கவில்லை. நாலாம் நாள் மந்திரி வேஷம் ஒன்று சேர்த்தேன். ஒரே வசனம். "உத்தரவு, மன்னா." அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை ஒத்திகைக்கு உங்கள் தலைவர் காரில் வந்தார். களத்தில்தான் ஒத்திகை. எங்கள் ராணி, வழக்கம்போல நல்லமுத்து, நாடகத்துக்கு முதல் நாள்தான் மீசையை எடுப்பான். மீசையோடு சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றவனைப் பார்த்துத் தலைவர் கும்பிட்டு, "மகாராணியார் அவர்களே" என்றார். அதுவரை சரி.

நான், "மந்திரியாரே, வேட்டைக்கு ஏற்பாடு செய்யும்" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உத்தரவு, மன்னா. இந்த இனிய காலைப் பொழுதில் என்னை இந்த அரண்மனைக்கு அழைத்த மன்னர் அவர்களுக்கும், முன்னிலை வகிக்கும் மகாராணி அவர்களுக்கும்..." என்று ஆரம்பித்தார். ஆறு நிமிஷம். முடித்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த பையைத் திறந்து எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்.

நல்லமுத்து என்னிடம், "மாமா, நான் ராணிதானே. எனக்கு ஒன்னும் கிடையாதா?" என்று கேட்டான். அவனுக்கும் ஒன்று போர்த்தினார்.

சிரித்துவிட்டேன். இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்னொன்று. பிளாக்கை எடுக்க எனக்குத் தெரியாது. போட்டது தங்கச்செல்வி. எடுத்துவிடு என்று அவளிடம் கேட்க மானக்கேடாக இருக்கிறது. நீ எழுதிக்கொண்டே இரு.

சின்னத்துரை


அருப்புக்கோட்டை
7.1.2025

ஏலே சின்னத்துரை,

மூன்று ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

கச்சேரி நன்றாக நடந்தது. மதுரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒரே ராகத்தை விரித்தார்கள். கண்ணைத் திறந்தபோது முதல் இரண்டு வரிசையும் கண்ணை மூடியிருந்தது. ரசனை என்று நினைத்து அவர்கள் மகிழ்ந்துபோனார்கள். குறட்டை கேட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. அது நான் இல்லை என்று எழுத ஆசைதான்.

பேராசிரியர் பேச்சுக்கு நாற்பத்தொரு பேர். மனுஷர் அருமையாகப் பேசினார். கரிசல் மண் வெடிப்பதைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கே ஒரு ஏக்கர் வாங்கிப் போடலாமா என்று தோன்றியது. நீ வந்திருந்தால் நாற்பத்திரண்டு.

பட்டிமன்றத்துக்குத்தான் கூட்டம். அறுநூறு நாற்காலி போதவில்லை. கணவனே அதிகம் விட்டுக்கொடுக்கிறான் என்பதற்கு என் வீட்டிலிருந்தே மூன்று உதாரணம் வைத்திருந்தேன். இரண்டாவதைச் சொல்லும்போதே முதல் வரிசையில் இருந்த பொன்னுத்தாய் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, நடு வழியாக நடந்து வெளியே போனாள். நடுவர் பேச்சை நிறுத்தச் சொல்லி அவள் வாசல் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, "இந்த அவையில் இப்போது யார் யாருக்கு விட்டுக்கொடுத்துப் போகிறார்கள் என்பதை எல்லாரும் பார்த்தீர்கள்" என்று தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். இரண்டு நாளாக ஓட்டல் சாப்பாடு.

இத்தனையும் ஏன் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேன் என்று உனக்கு இந்நேரம் சந்தேகம் வந்திருக்கும். ஆமாம். ஒரு தப்பு நடந்துவிட்டது.

மண்டபத்தை ஐந்து ஞாயிறுக்கும் மார்கழி வாடகைக்கே பேசி முடித்தேன். பெரிய சாமர்த்தியம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மானேஜர் ஏன் உடனே ஒத்துக்கொண்டார் என்று அப்போது யோசிக்கவில்லை. ஜனவரி 19 மார்கழி இல்லை, தை ஆறு. மறுநாள் திங்கட்கிழமை முகூர்த்தம். மண்டபத்தில் கல்யாணம். பெண் வீட்டார் முதல் நாள் மூன்று மணிக்கு வந்து இறங்குகிறார்கள். மூன்று மணி வரைக்கும்தான் மண்டபம் நமக்கு என்று நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. போன வருஷத்தை விட ஒரு மணி நேரம் குறைவு.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் காலண்டர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றால் எங்கள் ஆட்களே நம்பமாட்டார்கள். நீ நம்பு.

ஜெயக்குமார்


திருச்சுழி
12.1.2025

ஏலே ஜெயக்குமாரு,

திட்டப் போகிறேன் என்று பயந்திருப்பாய். திட்டவில்லை. நாடகம் மூன்றரை மணி நேரம். பத்துக்கு ஏறினால் ஒன்றரைக்கு இறங்கிவிடுவேன். கணக்கு சரியாக இருக்கிறது.

சம்பந்தியைப் போய் நேரில் அழைத்தேன். தங்கபாண்டி காபி கொடுத்துவிட்டு, "இந்தத் தடவ முழுசாப் போடுவீகளா சம்பந்தி? வேனுக்குச் சொல்லணும், அதான் கேக்கேன்" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே தங்கச்செல்வி தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கிறாள் என்று தெரிந்தது. முழுசாகப் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தத் தடவையும் அந்தக் காட்சி நடக்கவில்லையென்றால் நான் இனி அரிதாரம் பூச மாட்டேன். மிரட்டவில்லை. முடிவு செய்ததைச் சொல்கிறேன்.

நீ மானேஜரைப் பார்த்துக்கொள். மேடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னத்துரை


அருப்புக்கோட்டை
21.1.2025

ஏலே சின்னத்துரை,

நீங்கள் வேஷத்தோடு லாரியில் ஏறிப் போனதில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மேடையில் நடந்தது உனக்குத் தெரியும். வாசலில் நடந்தது தெரியாது. அதை நான் எழுதாமல் போனால் சரித்திரம் மன்னிக்காது.

பத்து இருபதுக்கு நாடகம் தொடங்கியது. இரண்டு மணிக்குள் முடியும் என்று நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். பொன்னுத்தாய் மறுபடியும் சோறு போடுகிறாள் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சாப்பிட்டேன். திரும்பி வந்தால் மணி இரண்டே கால், மேடையில் நீ இன்னும் வேட்டையாடிக்கொண்டிருக்கிறாய். தலைவர்தான் மந்திரி வேஷத்தில் பேசித் தீர்த்துவிட்டார் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

இரண்டே முக்காலுக்கு இரண்டு வேனும் ஒரு காரும் வந்து நின்றன. நாதஸ்வரம், சீர்வரிசைத் தட்டு, எழுபது பேர். மானேஜர் மெயினைப் பார்த்து நடந்தார். நான் அவர் குறுக்கே போய் நின்றேன். பெண்ணின் மாமா ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். புதுச் சட்டை. இரண்டு பட்டன் போயிற்று.

"யோவ், பொண்ணு கார்ல வேத்துப் போயி உக்காந்திருக்கு. உள்ள என்னய்யா ஒப்பாரி?" என்றார். அது ராஜாவின் காதல் பாட்டு என்று நான் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு அறிவு வேலை செய்தது. வருஷத்துக்கு ஒரு முறை செய்யும். பெண்ணின் அப்பாவைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம மூணுல இருந்து நாலரை வரைக்கும் குளிகை. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்னு சொல்லுவாக. பொண்ணழைப்பு திரும்பத் திரும்ப நடக்கலாமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "நாலரைக்கு மேல?"

"ராகு காலம். ஆறு மணி வரைக்கும்."

"அடப் பாவி மனுசா, அப்ப ஆறு மணிக்கா உள்ள போறது?"

"எதுக்கு அண்ணாச்சி? இப்ப மணி ரெண்டு அம்பது. பொண்ணு இப்பவே வலது காலை எடுத்து வச்சு உள்ள வந்து உக்காந்துரட்டும். நல்ல நேரத்துல நுழைஞ்ச கணக்கு ஆயிருச்சு. நாடகம் முடியவும் மத்த வேலையப் பாருங்க. எங்களை விரட்டிட்டு மேடையக் காலி பண்ண வச்சு நுழையணும்னா குளிகை வந்துரும்."

என்னைக் கும்பிட்டார், சின்னத்துரை. எழுபது பேரும் செருப்பைக் கூடச் சரியாக விடாமல் உள்ளே ஓடினார்கள். ஆரத்தித் தட்டு ஓடியது, பெண் ஓடியது, என் காலரைப் பிடித்தவர் முன்னால் ஓடினார். தேங்காய், பழத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசை முழுக்க உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில்தான் நீ கிரீடத்தோடு தள்ளாடிக்கொண்டு வந்து நின்றாய். மானேஜர் மெயின் பக்கத்தில் நின்றபடி நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நான் பின்னால் நின்றேன். ஒன்றும் நகைச்சுவையாகச் சொல்லத் தோன்றவில்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

மூன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. பேச்சு ஒன்று கூட நடக்கவில்லை. பதினெட்டுப் பொன்னாடையும் பையிலேயே கிடக்கிறது. தலைவர் மேல்தான் எனக்குக் கோபம். அவர் கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடப்போவதில்லை. அவரால்தானே இத்தனை தாமதம்.

ஜெயக்குமார்


திருச்சுழி
24.1.2025

ஏலே ஜெயக்குமாரு,

தலைவரிடம் போகாதே. இந்தக் கடிதம் வருவதற்குள் போயிருந்தால் திரும்பப் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வா.

அவர் பேசவில்லை. மேடையில் ஏறிக் கூட்டத்தைப் பார்த்ததும் மனுஷருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "உத்தரவு, மன்னா" கூட வரவில்லை. தலையை ஆட்டினார். ஐந்து மணி நேரமும் தலையை மட்டும்தான் ஆட்டினார். நாற்பது வருஷமாக மைக் பிடித்தவர். மைக் இல்லாமல் சும்மா நிற்க அவருக்குத் தெரியவில்லை.

தாமதம் என்னால்தான். வேட்டைக் காட்சியில் நான் முயலைத் துரத்தி விழுந்தபோது சம்பந்தி தங்கபாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் தங்கச்செல்வி அவளுடைய நாத்தனாரிடம் என்னைக் கை காட்டி என்னவோ சொன்னாள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. இன்னொரு முறை விழுந்தேன். சிரித்தார்கள். பிறகு நாடகத்திலேயே இல்லாத ஒரு பாட்டைப் பாடினேன். நல்லமுத்து திரைக்குள்ளிருந்து, "மாமா, மணி ரெண்டரை" என்றான். நான் நாலாவது தடவை வேட்டைக்குப் போனேன். மரியாதை வாங்குகிற ருசியில் கரையை மறந்த ராஜாவைப் பற்றி நானே எழுதி, நானே அவனாகிப் போனேன். பொன்னாடையை எண்ணிய எனக்கு என் மணியை எண்ணத் தெரியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வந்து நின்றபோது பின்னால் எழுபது பேர் தட்டோடு ஓடி வருவதைப் பார்த்தேன். இறக்கிவிடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அவர்கள் உட்கார்ந்தார்கள். மணப்பெண் ஒன்று மாலையோடு உட்கார்ந்து என்னையே பார்த்தது. அந்த நேரத்தில் பேசிய வசனம் எழுதி வைத்தது இல்லை. எனக்கே என்ன பேசினேன் என்று நினைவில்லை.

வேனில் ஏறப் போன சம்பந்தி திரும்பி வந்து என் கையைப் பிடித்து, விட்டுவிட்டுப் போனார். என் கை முழுக்க அரிதாரம். அவர் சட்டையிலும் ஒட்டியது. தங்கச்செல்வி நேற்றுப் பேசும்போது, அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை என்றாள்.

உன் கடிதத்தை வெள்ளைத்தாய் படித்தாள். காலர், பட்டன் வரை வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"மேடையில அம்புட்டுப் பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டீகள்ல. கேட்டுல சட்டையக் கிழிச்சுக்கிட்டு நின்ன மனுசன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அது நாடகம்டி. கிரீடத்தக் கழத்தி வச்சுட்டுக் கேட்டேன்."

"இப்பவும் தலையில ஒன்னு இருக்குல்ல, கழத்துங்க" என்றாள்.

துண்டுதான் கட்டியிருந்தேன். அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

சின்னத்துரை